டாலஸ் 2012: கொசுப்பொறி மே மாதம் சொன்னது, நிர்வாகம் ஆகஸ்டில் கேட்டது

கொசுவை ஒழிக்கப் பணம் கேட்டால் எந்த ஊர் நிர்வாகமும் எப்படியாவது கொடுத்துவிடும். வண்டி வரும், புகை வரும், ஜனங்கள் வாசலில் நின்று பார்ப்பார்கள், கவுன்சிலருக்கும் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள ஒன்று கிடைக்கும். கொசுவை எண்ணுவதற்குப் பணம் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். எண்ணாமல் விட்டால், இல்லை எண்ணியதைச் சரியான நேரத்தில் படிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, எனக்குத் தெரிந்து மிக நன்றாகப் பதிவாகியிருக்கும் நிகழ்வு 2012 கோடையில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நடந்தது. இர்விங், கோப்பெல் என்று தமிழர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் பகுதிகளும் அதற்குள்தான் வருகின்றன.

என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது சுமார் 24 லட்சம் பேர் வாழ்ந்த அந்தக் கவுன்டியில் அந்த ஒரு வருடத்தில், கொசு பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸ் மூளையையோ நரம்பையோ தாக்கியவர்கள் 173 பேர். காய்ச்சலோடு தப்பித்தவர்களாகப் பதிவானவர்கள் 225 பேர். இறந்தவர்கள் 19 பேர். அதற்கு முன் அங்கே வந்த பெரிய அலை 2006-ல், அப்போது லட்சத்துக்கு 2.91 பேருக்கு நரம்பு பாதிப்பு. 2012-ல் அது 7.30. நாடு முழுக்கவே அது மோசமான வருடம், 5,674 பேருக்கு நோய், 286 பேர் சாவு, டெக்சாசில் மட்டும் 89 பேர். அந்த நாட்டளவு அலைக்கு டாலஸ்தான் நடுமையம்.

இந்தக் கணக்கில் ஒன்று மறைந்திருக்கிறது. வெஸ்ட் நைல் தொற்றியவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு ஒன்றுமே தெரியாது. ஐந்தில் ஒருவருக்குக் காய்ச்சல், உடம்புவலி, அதையும் பலர் ஏதோ வைரல் காய்ச்சல் என்று படுத்து எழுந்துவிடுவார்கள். சுமார் 150 பேரில் ஒருவருக்குத்தான் மூளைக்காய்ச்சல் அளவுக்குப் போகும், அப்படிப் போனவர்களில் பத்தில் ஒருவர் பிழைப்பதில்லை. அந்த விகிதத்தில் பார்த்தால் 173 என்பதற்குப் பின்னால் சுமார் 26,000 பேருக்குத் தொற்றியிருக்க வேண்டும். தடுப்பூசி குதிரைக்கு இருக்கிறது, மனிதனுக்கு இல்லை. குறிப்பிட்டுக் குணப்படுத்தும் மருந்தும் கிடையாது. ஆகவே கடிபடாமல் தடுப்பது ஒன்றுதான் வழி, எப்போது எங்கே தடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான் பாதி வேலை.

பொறிக்குள் என்ன இருக்கிறது

டாலஸில் இந்த வைரஸைப் பரப்புவது க்யூலெக்ஸ் குவின்க்யூஃபேசியாட்டஸ் என்ற கொசு. பெயர்தான் புதிது, ஆள் நமக்குப் பழக்கமானவர். கூவம் ஓரத்திலும் சென்னையின் சாக்கடைகளிலும் ராத்திரி காதருகே ரீங்காரமிடும் அதே இனம், நம் ஊரில் யானைக்கால் நோயைப் பரப்பியதும் இதுதான். நல்ல தண்ணீர் இதற்குப் பிடிக்காது. இலை அழுகி, அழுக்கு ஊறி, நாற்றமடிக்கும் தேங்கிய தண்ணீர்தான் வேண்டும். பெரிய மழை வந்தால் வடிகாலில் இருக்கும் புழுக்கள் அடித்துக்கொண்டு போய்விடும், மழை பொய்த்தால் வடிகாலே கொசுப்பண்ணை ஆகிவிடும். மழை வந்தால்தானே கொசு வரும் என்று நினைக்கும் நமக்கு இது தலைகீழாகத் தெரியும்.

இதைப் பிடிக்கும் பொறியும் அதன் குணத்துக்கு ஏற்றதுதான். ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் வைக்கோலோ புல்லோ போட்டுச் சில நாள் ஊறி அழுகிய தண்ணீர், அதற்கு மேலே பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி, விசிறிக்கு மேல் ஒரு வலைப்பை. ரத்தம் குடித்து முட்டை வைக்க இடம் தேடும் பெண் கொசு அந்த நாற்றத்துக்கு வரும், விசிறி உறிஞ்சி வலைக்குள் தள்ளிவிடும். ஏற்கெனவே ஒருமுறையாவது ரத்தம் குடித்த கொசு என்பதுதான் இதில் முக்கியம். வைரஸ் பறவைகளின் ரத்தத்திலிருந்து கொசுவுக்கு வருகிறது, ஆகவே ஒருமுறையாவது குடித்த கொசுவிடம்தான் அது இருக்க வாய்ப்பு. அந்தத் தண்ணீரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பத்து இடத்தில் ஊற்ற வேண்டிய ஊழியரின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பட்ஜெட் கூட்டத்தில் அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

காலையில் வலைப்பை ஆய்வகத்துக்குப் போகும். குளிர்வித்து அசையாமல் செய்து, நுண்ணோக்கியில் வைத்து, எந்த இனம், ஆணா பெண்ணா என்று பிரிப்பார்கள். ஒரே இனத்துப் பெண் கொசுக்களை ஐம்பது வரை ஒரு குழாயில் சேர்த்து அரைத்து, அந்தச் சாற்றில் வைரஸ் இருக்கிறதா என்று பிசிஆர் சோதனை. இதிலிருந்து இரண்டு எண்கள் கிடைக்கின்றன. ஒரு பொறியில் ஓர் இரவில் சராசரியாக எத்தனை கொசு, அந்தக் கொசுக்களில் ஆயிரத்துக்கு எத்தனையில் வைரஸ். இரண்டையும் பெருக்கினால் வருவதை வெக்டர் இண்டெக்ஸ் என்கிறார்கள். உதாரணத்துக்கு, இரவுக்கு 20 கொசு விழுகிறது, ஆயிரத்துக்குப் பத்தில் வைரஸ் (அதாவது 0.01) என்றால் 0.2; ஐந்து பொறி வைத்தால் அதில் வைரஸ் சுமக்கும் கொசு ஒன்று இருக்கும் என்று அர்த்தம். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான்.

அந்த இரண்டு எண்ணும் சேர்ந்து வேண்டும் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பல ஊர்களில் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். கொசு எக்கச்சக்கமாக இருந்தும் வைரஸே இல்லாமல் போகலாம், அப்போது தொல்லை மட்டும்தான். கொசு குறைவாக இருந்து அதில் நிறைய வைரஸ் இருந்தால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஆபத்து இருக்கும். புகார் வந்த தெருவுக்கு மருந்து வண்டி அனுப்பும் முறை இதனால்தான் நோயைத் தடுப்பதில் தோற்கிறது.

மே முதல் ஆகஸ்ட் வரை

டாலஸில் பொறிகளே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். இருந்தன, வேலையும் செய்தன. 2012-ல் குளிர்காலம் மிதமாகவே கழிந்தது, கடும் உறைபனி விழுந்த நாட்கள் மிகவும் குறைவு. மே மாதக் கடைசியிலேயே பொறியில் விழுந்த கொசுவில் வைரஸ் தெரிந்துவிட்டது, இது வழக்கத்தைவிட முந்தியது. நரம்பு பாதிப்பு வந்த முதல் 19 பேருக்கு ஜூனிலேயே அறிகுறி தொடங்கியிருக்கிறது, பெரும்பாலான வருடங்களைவிட ஒரு மாதம் முன்னதாக. அப்புறம் எண்ணிக்கை மடமடவென்று ஏறியது.

அவசரநிலையைக் கவுன்டி அறிவித்தது ஆகஸ்ட் 9-ல். விமானத்திலிருந்து மருந்து தெளிக்கத் தொடங்கியது ஆகஸ்ட் 16 இரவு. அதற்குள் நோயாளிகள் நூற்றைத் தாண்டிவிட்டார்கள், சாவுகளும் நடந்துவிட்டன.

மே கடைசிக்கும் ஆகஸ்ட் நடுவுக்கும் இடையில் பதினோரு வாரம் போனது எப்படி? நோயாளிகளின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுத்தால் இப்படித்தான் போகும். இன்று கொசு கடிக்கிறது, அறிகுறி வர இரண்டு நாள் முதல் பதினான்கு நாள். காய்ச்சலோடு சில நாள் வீட்டில் இருப்பார். நிலைமை மோசமாகி மருத்துவமனைக்குப் போய், முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்து, சோதனை முடிவு வந்து, அது சுகாதாரத் துறைக்குப் போய்ச் சேர்ந்து, பட்டியலில் ஏறும்போது கடித்த கொசு செத்தே போயிருக்கும். பட்டியலில் இன்று 50 பேர் என்றால் அது மூன்று நான்கு வாரத்துக்கு முந்தைய நிலவரம். அதைப் பார்த்து இன்று விமானம் அனுப்புகிறோம்.

டாலஸ் கவுன்டி சுகாதாரத் துறையின் வெண்டி சுங், டெக்சாஸ் பல்கலைக்கழக சவுத்வெஸ்டர்ன் மருத்துவ மையத்தின் ராபர்ட் ஹேலி முதலானோர் பிற்பாடு பழைய பதிவுகளையெல்லாம் எடுத்து வைத்து ஆராய்ந்து 2013 ஜூலையில் ஜாமா என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். வெக்டர் இண்டெக்ஸ் ஏறிய ஒன்று இரண்டு வாரத்தில் மனிதர்களுக்கு நரம்பு பாதிப்பின் அறிகுறி தொடங்கியது என்பது அதில் தெளிவாக வந்தது. அறிகுறி தொடங்குவதற்கே ஒன்று இரண்டு வாரம் முன்னால் என்றால், அது பட்டியலில் ஏறுவதற்கு இன்னும் பல வாரம் முன்னால். தேவையான தகவல் பொறியில் விழுந்துகொண்டேதான் இருந்தது. அதைப் பெருக்கிப் பார்த்து, இந்த எண்ணைத் தாண்டினால் இந்த வேலையைத் தொடங்கு என்று முன்கூட்டியே எழுதிவைத்த விதிதான் முடிவெடுக்கும் மேசையில் இல்லை.

இன்னொரு விஷயமும் அந்த ஆய்வில் இருக்கிறது, எனக்கு அது மிகவும் பிடித்தது. வருடா வருடம் நோய் கிட்டத்தட்ட அதே பகுதிகளில்தான் குவிகிறது. சேரிப் பகுதியாக இருக்கும் என்று நம் மனம் உடனே போகும். இல்லை. சொத்து மதிப்பு அதிகம், வீடுகள் நெருக்கம், ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் விகிதமும் அதிகம், இப்படிப்பட்ட இடங்கள். பத்து வருடப் பதிவு கையில் இருந்தால் பொறி எங்கே வைக்க வேண்டும், வடிகாலில் எங்கே முதலில் மருந்து போட வேண்டும் என்பதற்கு வரைபடமே கிடைத்துவிடும். நடுவில் மூன்று வருடம் பணம் இல்லை என்று நிறுத்தினால் அந்த வரைபடத்தில் ஓட்டை விழும், பிறகு எவ்வளவு பணம் கொட்டினாலும் போன வருடக் கொசுவைப் பிடிக்க முடியாது.

நிர்வாகச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. அந்தக் கவுன்டிக்குள் இருபதுக்கும் மேற்பட்ட நகராட்சிகள், ஒவ்வொன்றும் தன் எல்லைக்குத் தானே ராஜா. வைரஸ் தெரிந்த பொறியைச் சுற்றி இரவில் வண்டியில் மருந்து அடிப்பதுதான் வழக்கம். விமானம் வேண்டும் என்று சில நகரங்கள் முன்வந்தன, வேண்டாம் என்று சில நின்றன, ரசாயனத்தைத் தலையில் கொட்டாதே என்று மக்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். அவர்கள் பயத்தைக் குறைசொல்ல மாட்டேன், 1966-ல் டாலஸில் செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்ற கொசுநோய் பரவியதற்குப் பிறகு 2012 வரை அந்த ஊர் வானத்திலிருந்து கொசுமருந்து தெளித்ததே கிடையாது. தெளித்த அளவு ஏக்கருக்கு ஓர் அவுன்சுக்கும் குறைவு. மூச்சுத்திணறல், தோல் தடிப்பு என்று அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் அதனால் கூடவில்லை என்றும் பிறகு தெரிந்தது. ஆனால் இந்த வாக்குவாதத்தையெல்லாம் ஜனவரியில் நிதானமாக நடத்தியிருக்கலாம். மக்கள் செத்துக்கொண்டிருக்கும் ஆகஸ்டில் நடத்த வேண்டியதாயிற்று.

பணம் எங்கே போனது

இப்போது பட்ஜெட்டுக்கு வருவோம். 1999-க்கு முன் அமெரிக்காவில் கொசு பரப்பும் வைரஸ்களைக் கண்காணிக்க மத்திய அரசின் தனி நிதி என்று ஒன்று இல்லை, பல மாநிலங்கள் அந்த வேலையைச் செய்யவே இல்லை. 1999 கோடையில் நியூயார்க்கில் காக்கைகள் விழுந்து செத்தன, கூடவே மனிதர்களுக்கும் மூளைக்காய்ச்சல் வந்தது, அந்தக் கண்டத்தில் வெஸ்ட் நைல் அதுவரை தெரியாத வைரஸ். பயம் வந்தது, பணமும் வந்தது. மாநிலங்களின் தொற்றுநோயியல் வல்லுநர் மன்றம் 2004-ல் ஆராய்ந்தபோது ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் கொசு, விலங்கு, மனிதர் என்று மூன்றையும் பார்க்கும் நல்ல கண்காணிப்பு இருந்தது.

அப்புறம் நோய் குறைந்தது. நோய் குறைந்ததும் பணமும் குறைந்தது. அதே மன்றம் 2012-ல் மறுபடி ஆராய்ந்தபோது மத்திய நிதி 61 சதவீதம் வெட்டப்பட்டிருந்தது. பல சுகாதாரத் துறைகள் கொசுக் கண்காணிப்பையும் ஆய்வகச் சோதனையையும் சுருக்கியிருந்தன. நாட்டில் நோய் மறுபடி வெடித்த அதே 2012.

வெட்டு எங்கே விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பொறியின் விலை பெரிதே இல்லை, தொட்டியும் விசிறியும்தான். செலவெல்லாம் ஆட்களுக்கு. கொசுவின் காலில் இருக்கும் வெள்ளைப் பட்டையைப் பார்த்து இனம் சொல்லக்கூடியவர், பிசிஆர் ஓட்டுபவர், வாராவாரம் எண்களைக் கூட்டிப் பெருக்கி, இந்த வாரம் ஏதோ சரியில்லையே என்று சொல்பவர். ஓய்வுபெறும்போது அந்த இடத்தை நிரப்பாமல் விட்டால் போதும், யாரும் கத்த மாட்டார்கள். பொறி பழையபடி தெருவில் இருக்கும், அறிக்கையில் பொறிகளின் எண்ணிக்கையும் அப்படியே இருக்கும், உள்ளே எதுவும் நடக்காது.

சேக்ரமென்டோ எப்படிச் செய்தது

இதையே வேறு விதமாகச் செய்த ஊர் கலிஃபோர்னியாவின் சேக்ரமென்டோ. அங்கே கொசுவுக்கென்றே தனி வாரியம், பக்கத்து யோலோ கவுன்டியையும் சேர்த்து. 1915-லேயே இதற்காக மாநிலச் சட்டம் வந்துவிட்டது, வீட்டு வரியோடு வரும் ஒரு சின்னப் பங்கு நேராக வாரியத்துக்குப் போகும். மேலே யார் ஆட்சி, இந்த வருடம் எந்த நோய் செய்தியில் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. மாநில அளவில் எழுதிவைத்த விதியும் உண்டு: வெப்பநிலை, கொசு எண்ணிக்கை, கொசுவில் வைரஸ், வைரஸ் வந்துவிட்டதா என்று பார்க்கக் காவல் மாதிரி வைத்திருக்கும் கோழிகளின் ரத்தம், செத்து விழும் பறவைகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து மதிப்பெண். சராசரி ஏற ஏற என்ன செய்ய வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும்.

2005-ல் அங்கும் பெரிய அலை வந்தது, 163 பேருக்கு நோய். பொறிகளின் எண் ஏறியதைப் பார்த்து ஆகஸ்டில் வானிலிருந்து மருந்து தெளித்தார்கள். தெளித்ததற்குப் பிறகு, தெளிக்காத பகுதியில் தொற்றுக்கான வாய்ப்பு தெளித்த பகுதியைப் போல் சுமார் ஆறு மடங்கு இருந்தது. செலவுக் கணக்கும் எடுத்தார்கள். சிகிச்சையும் நோயாளிகள் வேலைக்குப் போகாத நட்டமும் சேர்த்து சுமார் 22.8 லட்சம் டாலர், மருந்து தெளிப்புக்கு ஓவர்டைம் உட்பட சுமார் 7 லட்சம் டாலர். நரம்பு பாதிப்பு 15 பேருக்குத் தடுக்கப்பட்டிருந்தால் போதும், தெளிப்புச் செலவுக்குச் சரியாகிவிடும். நிதிக்குழுவிடம் போய் நிற்பவர் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய எண் அந்த 15.

கலிஃபோர்னியாவிலேயே இன்னொரு இடம், பேக்கர்ஸ்ஃபீல்ட் இருக்கும் கெர்ன் கவுன்டி. 2007-ல் வீட்டுக்கடன் கட்ட முடியாமல் ஜனங்கள் வீட்டை விட்டுப் போனார்கள், பின்கட்டில் நீச்சல் குளங்கள் பச்சைப் பாசி பிடித்துக் கிடந்தன. மேலிருந்து எடுத்த படங்களில் தெரிந்த குளங்களில் 17 சதவீதம் அப்படி. அந்தக் கோடையில் வெஸ்ட் நைல் நோயாளிகள் 276 சதவீதம் கூடினார்கள். வங்கி ஜப்தி நோட்டீஸுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் தொடர்பு இருக்கும் என்று எந்தச் சுகாதாரத் திட்டத்தில் எழுதியிருப்பார்கள்? தெருத்தெருவாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் இது கண்ணில் படும்.

கண்காணிப்பு இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அரிசோனாவின் மாரிகோபா கவுன்டி, அதாவது ஃபீனிக்ஸ் இருக்கும் இடம், நூற்றுக்கணக்கான பொறிகள் வைத்து வாராவாரம் சோதிக்கிறது. அப்படியும் 2021-ல் 1,487 பேருக்கு நோய், 101 பேர் சாவு. ஒரே இடத்தில் இவ்வளவு பெரிய அலை அமெரிக்காவில் அதற்கு முன் பதிவானதில்லை. பொறி கொசுவைக் கொல்வதில்லை, செய்தி மட்டுமே சொல்கிறது. செய்தி வந்த பிறகு புழுக்கொல்லி போட ஆளும், மருந்தும், அனுமதியும் தயாராக இல்லை என்றால், அல்லது அந்த வருட இயற்கை எல்லாவற்றையும் மீறி நின்றால், எண்ணியதெல்லாம் எண்ணியதோடு சரி. அதனால் நிதி கேட்பவர்கள் பொறிக்கு மட்டும் கேட்கக் கூடாது. பொறி, ஆய்வகம், கணக்குப் போடுபவர், எந்த எண்ணுக்கு எந்த நடவடிக்கை என்ற கையெழுத்திட்ட விதி, அந்த நடவடிக்கைக்கு ஒதுக்கிவைத்த பணம், எல்லாம் ஒரே கோரிக்கையில் வர வேண்டும். பிரித்துக் கேட்டால் பொறியை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அதுதான் மலிவு.

அதோடு, அந்தப் பணம் நோய் வந்த பிறகு ஓட்டெடுப்பில் வரும் பணமாக இருக்கக் கூடாது. டாலஸ் அலைக்கு நான்கு வருடம் கழித்து, கொசு பரப்பும் இன்னொரு வைரஸான ஜிகா அமெரிக்காவுக்கு வந்தபோது இது மறுபடி நடந்தது. வேறு கொசு, ஏடிஸ், ஆனால் அதே பணப் பிரச்சினை. 2016 பிப்ரவரியில் ஒபாமா அரசு நாடாளுமன்றத்திடம் 190 கோடி டாலர் கேட்டது. இழுபறி. எபோலாவுக்கு ஒதுக்கியதிலிருந்து பெரும்பகுதி எடுத்து 58.9 கோடியைத் திருப்பிவிட்டுச் சமாளித்தார்கள். ஜூலை 29-ல் மயாமியின் வின்வுட் பகுதியில் உள்ளூர்க் கொசுக்களே ஜிகாவைப் பரப்புகின்றன என்று அறிவிப்பு வந்தது. நாடாளுமன்றம் 110 கோடி டாலரை நிறைவேற்றியபோது செப்டம்பர் கடைசி வாரம்.